பனிக்காலக் கொல்லை: விளைச்சலும் சேமிப்பும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் தொழில் பரவிய ஊர்களில் வீட்டுக்குப் பின்னாலோ ஊருக்கு வெளியிலோ இரண்டு சென்ட், ஐந்து சென்ட் கொல்லை வைத்திருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களும் இதில் அடக்கம். தினமும் அரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையில் பாதிப் பொழுதும் ஒதுக்க முடிந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். இந்தப் பகுதியில் வருடம் பன்னிரண்டு மாதமும் காய்கறி விளைவிக்க முயல வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கி மாசி வெயில் ஏறும் வரை நன்றாக விளைவியுங்கள். விளைந்ததைக் காயவைத்தும் கட்டித் தொங்கவிட்டும் மணலில் புதைத்தும் வைத்துக்கொண்டு, பங்குனி முதல் ஆடி வரை அதைச் சாப்பிடுங்கள். கோடையில் மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

இதற்குக் காரணம் உப்பு. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கோடையில் அந்த இடத்துக் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்பின் அளவு, 2,000 என்றால், லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 400 கிராம். மூன்று மாதத்தில் 36 கிலோ உப்பை நீங்களே சுமந்துபோய் ஒரு சென்ட் மண்ணில் கொட்டியிருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. தோல் ஊர்களில் பல கிணறுகளின் உப்பு இந்த அளவையும் தாண்டும். மழைக்காலத்தில் நிலைமை வேறு. வானத்துத் தண்ணீர் உப்பில்லாதது. அது ஏற்கெனவே தங்கியிருக்கும் உப்பையும் வேருக்குக் கீழே இறக்கிவிடும். அதற்குப் பின் வரும் மார்கழி, தை மாதங்களில் வெயில் தணிந்து, இரவில் பனி இறங்கி, செடியின் தாகமும் குறைந்திருக்கும். மண் மன்னிக்கும் காலம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீரையும் மண்ணையும் தெரிந்துகொள்ளுதல்

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது, டேனரியில் கழுவும்போது அந்த உப்பு வெளியேறுகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்திலும் உப்பு உண்டு. 1970களில் அரை பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் முழுப் பதனிடுதல் பெருகி, குரோம் முறை பரவலானது. உப்போடு குரோமியமும் சேர்ந்துகொண்டது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் இந்த வழக்குக்குப் பெரும் பங்குண்டு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே மண்ணைப் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே கொல்லையில் செடி வாடினால் உங்கள் கைராசியை நொந்துகொள்ளாதீர்கள்.

எல்லா இடமும் ஒன்றல்ல. ஒரே தெருவில் ஒரு கிணறு குடிக்கத் தக்கதாகவும் அடுத்தது வாயில் வைக்க முடியாததாகவும் இருக்கும். ஆகவே அளந்து பாருங்கள். டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். 500க்குள் இருந்தால் எதையும் வளர்க்கலாம். 500 முதல் 2,000 வரை என்றால் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை மழைநீரோடு கலக்காமல் காய்கறிக்கு விடாதீர்கள். ஐப்பசிக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பாலாற்றில் வெள்ளம் வந்த வருடத்தில் கிணற்று மட்டம் எப்படி ஏறும் என்பதை 2021 நவம்பரில் பார்த்தோம். வருடத்துக்கு வருடம் தண்ணீர் மாறுவதால் போன வருடத்து அளவு இந்த வருடத்துக்கு ஆகாது.

டிடிஎஸ் பேனா உப்பைத்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. கழிவுநீர் ஓடிய வாய்க்காலை ஒட்டியோ, டேனரி இருந்த மனையிலோ, எங்கிருந்தோ வந்த மண் கொட்டி மேடாக்கிய இடத்திலோ உங்கள் கொல்லை இருந்தால் மண்ணைக் கட்டாயம் பரிசோதனைக்குக் கொடுங்கள். மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் மேல்மண்ணைச் செதுக்காமல் கையால் ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி, அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொண்டுபோங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கு கேட்டால் எங்கு, எதற்குப் பரிசோதனை செய்யலாம் என்று வழி சொல்வார்கள். வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலையையும் உப்பையும் சத்துகளையும் காட்டும். குரோமியம் போன்ற கன உலோகத்தைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முடிவு வரும்வரை, சந்தேகமுள்ள மண்ணில் கீரையும் கிழங்கும் போடாதீர்கள். செடி உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடும். இலைக்குக் கொஞ்சம் ஏறும், காய்க்குப் போவது மிகக் குறைவு. முள்ளங்கி, பீட்ரூட், சர்க்கரைவள்ளி எல்லாம் அந்த வேரைத்தான் நமக்குத் தருகின்றன. கீரையில் இலையோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்து வரும். அத்தகைய இடத்தில் கீரைக்கும் முள்ளங்கிக்கும் மலையடிவாரத்துச் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பிய பைகளே சரி. தென்னை நார்க்கழிவு கலப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கலக்க வேண்டும். அதிலும் உப்பு உண்டு.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்களில் பல, ரசாயனம் வந்த டிரம்கள். அவற்றில் தண்ணீர் பிடிக்காதீர்கள், பாதியாக அறுத்துச் செடியும் வைக்காதீர்கள். டேனரிச் சேற்றை எரு என்று யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தோலில் இருந்து உதறி எடுத்த பழைய உப்பு மூட்டை தென்னைக்கு ஆகும் என்பார்கள், அதுவும் வேண்டாம். ஆட்டெரு, மாட்டெரு, இலைமக்கு என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வருவதை மட்டும் கொல்லைக்குள் விடுங்கள்.

மழையைப் பிடித்தல்

500 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர் கிடைக்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு நல்ல மழையில் நிரம்பிவிடும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் வந்தபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து தொட்டிக்குத் திருப்புங்கள். சீசனின் முதல் மழையையும், ஒவ்வொரு மழையின் முதல் சில நிமிடங்களையும் வெளியே விட்டுவிடுங்கள், தளத்தின் தூசு அதில் போய்விடும். இந்தத் தண்ணீர் நாற்றங்காலுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மட்டும். மற்றதற்கெல்லாம் போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். 2,000 டிடிஎஸ் உள்ள தண்ணீர் அப்போது ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

பாத்தி

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குள், புரட்டாசியிலேயே பாத்தி தயாராக இருக்க வேண்டும். மூன்றடி அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், நடுவே கால் வைக்கும் வாய்க்கால். மழைநீர் தேங்கினாலும் வேர் மூழ்காது. மண் காய்ந்தால் பாளமாக இறுகி, நனைந்தால் சோப்புப் போல வழுக்கினால் அதில் சோடியம் மிகுந்திருக்கிறது என்று பொருள். பரிசோதனைச் சீட்டில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டு, மழைக்காகக் காத்திருங்கள். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து மண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கும், மழை அதைக் கீழே கொண்டுபோகும். மழை இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை.

நாற்று நடும் இடத்தைப் பற்றிப் பலர் கவனிப்பதில்லை. கரை போட்டு வாய்க்காலில் தண்ணீர் விட்டால், ஈரம் கரையின் உச்சிக்கு ஏறி அங்கே ஆவியாகும். மார்கழி வெயிலில் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், கரையின் தலையில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நாற்றை அந்த உச்சியில் நட்டால் உப்பின் நடுவில் நட்டதாகிவிடும். கரையின் பக்கச் சரிவில், தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு நாலு விரல் மேலே நடுங்கள். அதன்பின் கரும்புச் சோகையோ காய்ந்த தென்னை ஓலையோ கொண்டு மண் தெரியாமல் மூடிவிடுங்கள். மூடாக்கு இருந்தால் ஆவியாதல் குறையும், உப்பும் மேலே ஏறாது.

என்ன நடலாம்

உப்பைப் பொறுக்கும் திறன் பயிருக்குப் பயிர் மாறும். கொத்தவரை மிகவும் தாங்கும். பீட்ரூட்டும் காராமணியும் ஓரளவு நன்றாகவே தாங்கும். தக்காளி நடுத்தரம். பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் சீக்கிரம் துவளும். கத்தரியும் உப்புக்குக் கொஞ்சம் கூச்சப்படும், ஆனால் அது நம் ஊர்ப் பயிர், விட முடியாது. பிரியாணி இலையில் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாவிட்டால் ஆம்பூரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கத்தரியில் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியை முதலில் தேடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. காம்பிலும் இலையிலும் முள் இருப்பதால் பறிக்கும்போது கத்தரிக்கோல் வேண்டும். வெந்தால் சதை குழைந்து எண்ணெயைக் குடிக்கும் விதமே தனி. விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.எம். 1 ரகமும் இந்த மண்ணுக்குப் பழகியது. ஆவணிக் கடைசியில் நாற்று விட்டு, முப்பது நாள் நாற்றை இரண்டடிக்கு இரண்டடி நட்டால் கார்த்திகைக் கடைசியிலிருந்து காய் பார்க்கலாம். கத்தரிக்கு இங்கே பெரிய எதிரி தண்டுத்துளைப்பான். வாடித் தொங்கும் நுனித்தண்டைக் கண்டால் அதற்கு நாலு விரல் கீழே ஒடித்து, கிழித்துப் பாருங்கள், உள்ளே வெளிர் சிவப்புப் புழு இருக்கும். கம்பெனிக்குப் போகும் முன் தினமும் இந்த ஒரு வேலையைச் செய்தால் காய்ச் சொத்தையில் பாதிக்கு மேல் குறையும். மருந்தாக வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள்.

அவரை, மொச்சை, துவரை மூன்றும் ஆடியிலேயே வேலியோரம் ஊன்றியிருக்க வேண்டும். நாட்டு அவரையும் மொச்சையும் பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் கார்த்திகை பிறக்காமல் பூ வராது. முன்னால் போட்டால் கொடி நன்றாகப் படர்ந்திருக்கும், பூவும் அதிகம் வரும். கொடி படர்ந்தும் காய்க்கவில்லையே என்று ஐப்பசியில் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். பொங்கல் குழம்புக்கு வேண்டிய மொச்சையும் அவரையும் பரங்கியும் ஒரே சமயத்தில் தயாராவதற்கு இந்த நீண்ட இரவுகளும் ஒரு காரணம்.

மிளகாயும் தக்காளியும் புரட்டாசி நாற்று, ஐப்பசி நடவு. சின்ன வெங்காயம் பெருமழை ஓய்ந்தபின் கார்த்திகையில். நூல்கோலும் முள்ளங்கியும் கோஸும் நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், குளிர் இருக்கும்போதே தையில் முடித்துவிட வேண்டும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சிறுகீரை எல்லாம் பைகளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள்.

மார்கழிப் பனியில் பரங்கி இலையிலும் வெண்டை இலையிலும் மாவு தூவினாற்போல் வருவது சாம்பல் நோய். அடியிலைகளைக் கிள்ளி எடுத்துக் காற்று போக வழி செய்யுங்கள். அடங்காவிட்டால் வெண்டைக்கு மட்டும் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வெயிலுக்கு முன் தெளிக்கலாம்.

பழத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உவர் மண்ணைப் பொறுத்துக்கொண்டு பனிக்காலத்தில் காய்ப்பவை நெல்லியும் இலந்தையும். இடம் இருந்தால் இவை இரண்டையும் வையுங்கள். சப்போட்டாவும் கொய்யாவும் ஓரளவு தாங்கும். எலுமிச்சைக்கும் வாழைக்கும் உப்பு ஆகாது. பப்பாளிக்கு உப்பைவிடத் தேங்கும் தண்ணீர்தான் எமன், இரண்டு நாள் வேர் மூழ்கினால் மரம் சாய்ந்துவிடும். மேடு கட்டி நடுங்கள்.

வத்தல்

தை பாதியில் காய் குவியும். சந்தையில் விலை விழுவதும் அப்போதுதான். விற்றுக் காசாக்க நினைத்தால் பஸ் சார்ஜுகூடக் கட்டாது. காயவைத்தால் ஆனி வரை வீட்டுக்கு ஆகும். அந்த நேரம் மழை விலகி, காற்று உலர்ந்து, வெயில் சுள்ளென்று ஏறாமல் இருக்கும். வத்தலுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

கத்தரி வத்தல் போடுகிறவர் முற்றாத காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். விதை கறுத்த காய் கசக்கும். காலையில் பறித்துக் காம்பை வெட்டி, விரல் கனத்துக்கு நீளவாக்கில் நறுக்கி, நறுக்க நறுக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது உப்பு, மஞ்சள்தூள், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல் சேர்த்து, துண்டுகளைப் போட்டு இரண்டு நிமிடம் மட்டும் விடுங்கள். நிறம் மாறித் துவண்டதும் வடிகட்டிவிட வேண்டும், குழைந்தால் பாயில் ஒட்டிக்கொள்ளும். கொதியில் விடுவதால் காய் கறுக்காது, புழு முட்டை இருந்தாலும் அழியும். சுத்தமான பழைய வேட்டியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நாலு மணிக்கெல்லாம் வேட்டியோடு சுருட்டி உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி பட்டால் அன்று காய்ந்தது வீண், மூன்றாம் நாள் பூசணம் தெரியும். மறுநாள் திருப்பிப் போடுங்கள். நாலாம் நாள் ஒரு துண்டை எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும், படக்கென்று உடைந்தால் ஆயிற்று. ஒரு கிலோ காய் ஏறத்தாழ நூறு கிராம் வத்தலாகும். காரக்குழம்புக்கு ஒரு பிடி போதும்.

கொத்தவரையை அரை வேக்காட்டில் எடுத்துப் புளித்த மோரில் ஒரு இரவு ஊறவைத்துக் காயவைக்கலாம். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் அப்படித்தான். தக்காளியை வட்டமாக நறுக்கி உப்புத் தூவிக் காயவைத்தால் கோடையில் ரசத்துக்கு ஆகும்.

எங்கே காயவைப்பது என்பதிலும் தோல் ஊரில் கவனம் வேண்டும். லாரி போகும் ரோட்டோரமும், தோல் உலர்த்தும் களத்துக்கும் உப்பு உதறும் கொட்டகைக்கும் காற்றுக்குக் கீழ்ப்பக்கமும் ஆகாது. மொட்டை மாடிதான் நல்லது, மேலே மெல்லிய வலைத்துணி போட்டுவிடுங்கள். மிளகாயை வெறும் மண்ணில் பரப்பவே கூடாது. ஈரம் இழுத்தால் பூசண நஞ்சு பிடிக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் போகாது. காயை ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று கேட்கும் வரை காயட்டும்.

காயவைக்காமல் வைப்பவை

சின்ன வெங்காயத்துக்கு அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தாள் சாய்ந்து மஞ்சளித்ததும் பிடுங்கி, தாளோடு நாலைந்து நாள் நிழலில் பரப்ப வேண்டும். கழுத்து சுருங்கி, மேல்தோல் சரசரக்க வேண்டும். கழுத்துப் பருத்த வெங்காயத்தைத் தனியே எடுத்து முதலில் சமையுங்கள், அது தங்காது. மற்றதைத் தாளோடு கொத்தாகக் கட்டி, காற்றோடும் தாழ்வாரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். சாக்கில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினால் மாசி முடிவதற்குள் முளைக்கும், இல்லாவிட்டால் அழுகும்.

பரங்கியும் வெள்ளைப் பூசணியும் நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றியபின் நாலு விரல் காம்போடு அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கழுவ வேண்டாம், துடைத்தால் போதும். வைக்கோல் பரப்பி, காயோடு காய் படாமல் வரிசையாக வையுங்கள், அல்லது உறியில் தொங்கவிடுங்கள். காயம் படாத பரங்கி ஆடி வரை கிடக்கும். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருப்பதை அன்றே குழம்பில் போட்டுவிடுங்கள்.

சேனையை இலை காய்ந்து விழுந்தபின் தையில் தோண்டுங்கள். மண்வெட்டி பட்ட கிழங்கை ஒதுக்கி, மற்றதை நிழலில் மூன்று நாள் உலர்த்தி, காய்ந்த மணலும் கிழங்குமாக அடுக்கி மூலையில் வையுங்கள். மூன்று மாதம் தாங்கும். சர்க்கரைவள்ளிக்கும் இதே முறைதான், ஆனால் அவ்வளவு நாள் தாங்காது.

துவரையும் மொச்சைக்கொட்டையும் வண்டு துளைக்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்த பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து மண்பானையில் வைப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். செம்மண் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். தகர டின்னோ பானையோ எதுவானாலும் மாதம் ஒருமுறை உள்ளிருப்பதற்கு வெயில் காட்ட வேண்டும். சூடு ஆறியபின் மூடுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

மாசிக்கு மேல் பறிக்கும் கடைசிக் காய்களுக்குக் கரண்ட் இல்லாத குளிர் அறை ஒன்று கட்டிக்கொள்ளலாம். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் பரப்பிய முறை இது. மர நிழலில் செங்கல்லை ஒரு வரிசை பரப்பி, அதன்மேல் இரட்டைச் சுவராக இடுப்பளவு அடுக்குங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு அதை மணலால் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணல் நனையத் தண்ணீர் விட வேண்டும். காயைக் கூடையில் உள்ளே வைத்து, நனைத்த கோணியும் ஓலைத் தட்டியும் கொண்டு மூடுங்கள். இதற்கு உப்புத் தண்ணீரே போதும், செடிக்கு ஆகாத போர்த் தண்ணீர் இங்கே உதவும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். அதனால் ஐப்பசியில் பயன் குறைவு, பங்குனியில் நன்றாக வேலை செய்யும்.

விதையும் வெற்றுப் பாத்தியும்

இலவம்பாடிக் கத்தரியில் நல்ல செடி இரண்டைத் தையிலேயே துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதில் இரண்டாம் மூன்றாம் காய்ப்பில் நாலு காயைப் பறிக்காமல் மஞ்சளிக்க விட வேண்டும். பிசைந்து ஓர் இரவு தண்ணீரில் விட்டு, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கிய விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்துப் பாட்டிலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் வேறு கத்தரி ரகம் இருந்தால் கலந்துவிடும் என்பதால் விதைக்கான செடியைத் தள்ளி வைப்பது நல்லது.

மாசிக் கடைசியில் செடிகளைப் பிடுங்கியபின் பாத்தியை வெறுமனே விடாதீர்கள். நோய் பிடிக்காத செடிகளை நறுக்கி அங்கேயே பரப்பி, மேலே சோகை போட்டு மூடுங்கள். தண்ணீர் விட வேண்டாம். சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு கோடை மழை கிடைத்ததும் மூடாக்கை ஒதுக்கிவிட்டுத் தக்கைப்பூண்டு விதையைச் சென்ட்டுக்குக் கால் கிலோ வீதம் தூவுங்கள். உவர் மண்ணிலும் வரும் பயிர் அது. பூ எடுக்கும் சமயத்தில், ஏறத்தாழ நாற்பத்தைந்தாம் நாள், வெட்டி மண்ணோடு கொத்திவிட வேண்டும். தண்டு முற்றிவிட்டால் மக்குவதற்கு ஆவணியும் தாண்டிவிடும்.